ஆலோசனைக்கு வந்தவரிடம் எப்படிக் கேட்பது: புதியவர்களுக்கான செய்முறை

வடசென்னையின் வியாசர்பாடியிலோ தண்டையார்பேட்டையிலோ தன்னார்வ மனநல ஆலோசகராக முதன்முறை ஒருவரின் எதிரில் உட்காரப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எப்படிக் கேட்டாலும் ஏதோ ஒரு பதில் வந்துவிடும். ஆனால் சில கேள்விகள் வந்தவரை உங்கள் முகக்குறிப்பைப் பார்த்துப் பதில் சொல்ல வைக்கும், சில கேள்விகளோ அவரைத் தம் வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்க வைக்கும்.

படி 1: கேள்வி யாருக்காக என்று பாருங்கள். கனடாவின் கால்கரி நகர மனநல மருத்துவர் கார்ல் டோம், 1980களில் சிகிச்சைக் கேள்விகளை வகைப்படுத்தியபோது, கேட்பவர் தாம் தெரிந்துகொள்ளக் கேட்கிறாரா, எதிரிலிருப்பவரிடம் மாற்றம் உண்டாகக் கேட்கிறாரா என்பதை ஓர் அளவாகக் கொண்டார். வயது, மருந்து, முகவரி போன்றவை முதல் வகை. அவற்றைத் தொடக்கத்திலேயே முடித்துவிடுங்கள்.

படி 2: திறந்த கேள்வியில், அதாவது "ஆமாம்", "இல்லை" என்று ஒரே சொல்லில் முடிந்துவிடாத கேள்வியில், தொடங்குங்கள். விசைப்படகுகள் கடலுக்குப் போகாத ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் காசிமேட்டிலிருந்து ஒரு பெண் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். "பணக் கஷ்டமாக்கா?" என்றால் "ஆமா" என்பதோடு பேச்சு நின்றுவிடும். "இந்த ரெண்டு மாசமா வீட்ல எப்படிப் போகுதுக்கா?" என்றால், நாள் முழுவதும் வீட்டிலிருக்கும் கணவரைப் பற்றியும் அவருடைய குடியைப் பற்றியும் அவர் பேசக்கூடும். ஆயினும் பதற்றத்தில் வாயடைத்துப்போனவருக்குத் திறந்த கேள்வி ஒரு சுமை, அவரிடம் "தண்ணி வேணுமா?" என்பதே போதும்.

படி 3: விடையைக் கேள்விக்குள் வைக்காதீர்கள். 1974இல் அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் கார் விபத்துகளின் திரைப்படத் துண்டுகளைக் காட்டி வேகத்தைக் கேட்டனர். கார்கள் "நொறுங்க மோதியபோது" என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 41 மைல் என்றும், "தொட்டபோது" என்று கேட்கப்பட்டவர்கள் 32 மைல் என்றும் மதிப்பிட்டனர். ஒரு வினைச்சொல்லுக்கே இவ்வளவு வலிமை என்றால், "மாமியார்தானே பிரச்சினை?" என்ற கேள்வி என்ன செய்யும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

படி 4: "ஏன்" என்பதைத் தள்ளிப்போடுங்கள். புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். மணலியில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்த இளைஞர், "ஏம்ப்பா விட்ட?" என்ற கேள்வியை அப்பாவிடமும், மேஸ்திரியிடமும், தெருமுனை டீக்கடையிலும் ஏற்கெனவே எதிர்கொண்டிருப்பார், நீங்களும் கேட்டால், அங்கெல்லாம் சொல்லிப் பழகிய சாக்கையே உங்களிடமும் சொல்வார், ஏனெனில் அவர் காதில் அது விசாரணையாகவே விழுகிறது. "வேலைய விடறதுக்கு முந்தின வாரம் எப்படி இருந்துச்சு தம்பி?" என்று கேளுங்கள், காரணம் அந்த நிகழ்ச்சிகளுக்குள்ளிருந்து தானாக வெளிவரும். "நான் ஏன் இப்படி இருக்கேன்?" என்று அவரே கேட்கும் நாளில் அந்தச் சொல்லைத் தாராளமாகத் தொடரலாம்.

படி 5: எண்ணைக் கேளுங்கள், பிறகு கீழே இறங்குங்கள். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் சிகிச்சையாளர்கள் ஸ்டீவ் டி ஷேசரும் இன்சூ கிம் பெர்க்கும் வளர்த்தெடுத்த அளவுகோல் கேள்வி தொழில்முறைக் கோச்சிங்கிலும் புழங்குகிறது. "மறுபடி வேலைக்குப் போகலாம்ங்கிற நம்பிக்கை 0லேர்ந்து 10க்குள்ள எவ்வளவு?" என்று கேட்டால் அந்த இளைஞர் 3 என்கிறார். "ஏன் 7 இல்ல?" என்றால் தம்மால் முடியாததற்கான காரணங்களையே அடுக்குவார், "1 இல்லாம 3ன்னு சொல்ல வச்சது எது?" என்றால் தம்மிடம் மிச்சமிருக்கும் வலுவைத் தாமே தேடிச் சொல்ல வேண்டியிருக்கும். அடுத்து, "3 நாலாச்சுன்னா வீட்ல யாரு மொதல்ல கண்டுபிடிப்பாங்க?" என்று கேளுங்கள். என் அனுபவத்தில், பலர் முதன்முறையாகச் சிரிப்பது இந்தக் கேள்விக்குத்தான்.

படி 6: கேட்டபின் காத்திருங்கள். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி போதும். மௌனம் நீண்டால் அதை இன்னொரு கேள்வியால் நிரப்பாதீர்கள்.

படி 7: உயிர் பற்றிய கேள்வியை நேராகக் கேளுங்கள். இங்கு "ஆமாம்", "இல்லை" என்று பதில் வரும் மூடிய கேள்வியே சரி. "தப்பா எதுவும் யோசிக்கலியே?" என்பது "இல்லை" என்ற பதிலைக் கெஞ்சிக் கேட்பதாகும். "செத்துடலாம்னு தோணுதாம்மா?" என்று தெளிவாகக் கேளுங்கள், அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்பதே ஆய்வுகள் காட்டுவது. "ஆமாம்" என்றால் அவரைத் தனியே அனுப்பாதீர்கள். உங்கள் மேற்பார்வையாளரிடம் உடனே சொல்லி, வீட்டாருடன் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கோ கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்துக்கோ அழைத்துச் செல்லுங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண் இரவிலும் இயங்கும். அதை அவருடைய கைப்பேசியில் அங்கேயே பதிந்து கொடுங்கள்.