நிறம் பொருந்தாத லிப்ஸ்டிக்கைத் தூக்கிப் போடாதீர்கள்

என் மேக்கப் பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்தது செங்கல் நிற மேட் லிப்ஸ்டிக். மாநிறத்துக்கு அப்படிப் பொருந்தும்! விரல் நுனியில் துளி எடுத்துக் கன்னத்தில் ஒற்றினால் பிளஷ்கூடத் தனியாக வேண்டாம். ஏமாற்றியது வெளிர் ரோஜா நிறம். அப்படியே போட்டால் முகம் வெளிறித் தெரிகிறது. ஆனால் பழுப்பு லிப் லைனரை உதடு முழுக்கப் பூசி, அதன் மேல் இதை நடுவில் மட்டும் தடவினால் அழகாக இருக்கிறது.

ஃபவுண்டேஷனைப் புறங்கையில் பார்த்து வாங்காதீர்கள். தாடையோரம் தடவி, கால் மணி நேரம் பொறுத்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சில வகைகள் காற்றுப் பட்டதும் கருத்துவிடும்.

அப்புறம், மஸ்காராவைத் திறந்த 3 முதல் 6 மாதத்துக்குள் மாற்றிவிடுங்கள். கண் விஷயம், மீதி இருக்கிறதே என்று பார்க்க வேண்டாம்.