கோழிக் கூண்டுக்குக் கூரை போடும்போது சென்னைக்காரர்கள் செய்யும் தவறுகள்

கனடாவில் இருக்கும் சித்தி மகன் அனுப்பிய படத்தைப் பார்த்துத்தான் 2016இல் என் முதல் கோழிக் கூண்டுக்குக் கூரை போட்டேன். தடித்த கால்கள், நெருக்கமாகக் குறுக்குச் சட்டங்கள், அதன் மேல் தகரம். யானை ஏறி நின்றாலும் தாங்கும் என்று பெருமையாக இருந்தது. டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தது. தகரம் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் கிடந்தது, காலும் சட்டமும் மட்டும் சிராய்ப்புகூட இல்லாமல் அப்படியே நின்றன. ஆறு கோழிகளும் எங்கள் குளியலறையில் இருந்ததால் பிழைத்தன.

அவன் ஊரில் கூரைக்கு எதிரி பனி. அது மேலிருந்து அமுக்கும். ஓர் அடி உயரத்துக்குப் புதுப் பனி விழுந்தாலே சதுர மீட்டருக்கு 15 முதல் 30 கிலோ வரை இருக்கும், ஈரம் ஏறினால் அது இன்னும் பல மடங்கு. அதனால் அங்கே எல்லாரும் கீழிருந்து முட்டுக் கொடுப்பதைப் பற்றியே பேசுகிறார்கள். நமக்கு அந்தக் கவலை கிடையாது, நம் ஊர்க் காற்று கூரைக்கு அடியில் புகுந்து மேலே தூக்கும். மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் அடிக்கும் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 57 கிலோ எடைக்குச் சமம். அதே அளவு தகரத்தின் எடை 4, 5 கிலோதான். பத்துக்குப் பத்து அடிக் கூரை என்றால் 9 சதுர மீட்டருக்கு மேல் வரும், நீங்களே பெருக்கிப் பாருங்கள். யூடியூபில் பார்க்கும் வெளிநாட்டுக் கூண்டுகளை அப்படியே இங்கே கட்டினால் பணமெல்லாம் தேவையில்லாத இடத்தில் போய் முடங்கும்.

இந்தக் கணக்கு தெரிந்தால் கூரை மேல் செங்கல் வைப்பது எவ்வளவு வீண் என்று புரியும். செங்கல், பழைய டயர், உடைந்த உரல் என்று எதையாவது தூக்கி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம். பத்து செங்கல் சேர்ந்தாலும் 30 கிலோ. காற்று தகரத்தைக் கிளப்பும்போது அந்தச் செங்கல்லும் சேர்ந்து பறக்கும், தெருவில் யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது.

கேபிள் டை போட்டுக் கட்டுவதும் அப்படித்தான். நம் வெயிலில் நைலான் ஒரு கோடைக்குள் மொறுமொறுவென்று ஆகிவிடும், இழுத்தால் கையோடு வரும். கட்டுக்கம்பியும் கடலோரப் பக்கம் என்றால் சீக்கிரம் துருப்பிடிக்கும். J எழுத்து மாதிரி வளைந்த ஜே போல்ட்தான் சரி. சட்டத்தைச் சுற்றி வளைத்துப் பிடிக்கும், மேலே ரப்பர் வாஷர் போட்டு முடுக்க வேண்டும். துளையைத் தகரத்தின் மேட்டில் போடுங்கள், பள்ளத்தில் போட்டால் மழைத்தண்ணீர் முழுக்க அந்த ஓட்டையைத் தேடித்தான் வரும். ஓரத்தில் இருக்கும் போல்ட்டுகளைக் கொஞ்சம் நெருக்கிப் போடச் சொல்லுங்கள், ஏனென்றால் கூரை எப்போதும் ஓரத்தில்தான் கிளம்ப ஆரம்பிக்கும். எங்கள் வெல்டிங்காரர் "கோழிக்குப் போய் இவ்வளவு போல்ட்டா சார்?" என்று சிரித்தார். ஆமாம் அண்ணே, போடுங்கள் என்றேன்.

தகரத்தைச் சட்டத்தோடு நன்றாகப் பிடித்துவிட்டு, சட்டத்தைக் காலோடும், காலைத் தரையோடும் பிடிக்காமல் விட்டால் கூண்டு மொத்தமாகக் கவிழும். பெயின்ட் பக்கெட்டில் கான்கிரீட் போட்டு அதில் பைப்பை நட்டு வைப்பதை நிறைய வீடுகளில் பார்க்கிறேன், புயலுக்கு அது பூந்தொட்டி மாதிரிதான். இரண்டடி பள்ளம் தோண்டிக் கான்கிரீட் போடுங்கள். மொட்டைமாடி என்றால் தளத்தில் துளை போடாதீர்கள், கீழ் வீட்டுக்கு ஒழுகி வாடகைக்காரர் வந்து நிற்பார். மாடிப்படி அறையின் சுவரை ஒட்டிக் கூண்டை வைத்து, அந்தச் சுவரிலேயே பிடிமானம் கொடுப்பது நல்லது. வடக்குப் பக்கம்தானே காற்று வரும் என்று ஒரு பக்கத்தை மட்டும் பலப்படுத்துவதும் வேண்டாம். வர்தாவின் மையம் நகரத்தைக் கடந்தபோது காற்று ஓய்ந்து, பிறகு எதிர்த்திசையிலிருந்து அடித்தது.

தார்ப்பாய்க்கு வருவோம். மலிவு, பத்து நிமிட வேலை, அதனால் எல்லாருக்கும் பிடிக்கும். ஆனால் நடுவில் தொய்ந்து தண்ணீர் தேங்கினால் அதுவே நம் ஊர்ப் பனி. ஒரு சதுர மீட்டரில் 10 செ.மீ. தண்ணீர் நின்றால் 100 கிலோ! கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் நடுவில் ஒரு பைப்பை உயர்த்திக் கொடுத்து இருபுறமும் சரிவாக இழுத்துக் கட்டுங்கள்.

தகரத்துக்கும் வாட்டம், அதாவது சரிவு, வேண்டும், பத்தடிக்கு ஒன்றரை அடியாவது. அந்த வாட்டம் எந்தப் பக்கம் என்பதை வெல்டிங்காரர் வருவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நகரின் பல இடங்களில் இரண்டே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. பத்துக்குப் பத்து கூரையிலிருந்து மட்டும் 3,700 லிட்டர். அது பக்கத்து வீட்டுச் சுவரில் ஊற்றினால் சண்டை, கூண்டு வாசலில் ஊற்றினால் சேறு. கூண்டுத் தரையில் பரப்பிய உமி நனைந்து இரண்டு மூன்று நாள் கிடந்தால் குஞ்சுகளுக்கு ரத்தக் கழிச்சல் வரத் தோதாகிவிடும். பிவிசி பைப்பை நெடுக்காக இரண்டாக அறுத்து ஓரத்தில் மாட்டினால் போதும், பெரிய செலவில்லை.

சாரல் அடிக்கிறதே என்று நான்கு பக்கமும் பாய் போட்டு இறுக்கி மூடுவதுதான் எனக்குக் கோபம் வரும் விஷயம். உள்ளே எச்சத்தின் அம்மோனியா நெடி கண்ணை எரிக்கும், கோழிகளுக்குச் சளி பிடிக்கும். மழை வரும் பக்கம் மட்டும் பாதி உயரத்துக்கு மறைத்து, மேலே கம்பி வலையைத் திறந்தே விடுங்கள். கூரையை ஒன்றரை அடி வெளியே நீட்டினால் சாரல் பாதி குறையும். அதற்கு மேல் நீட்டினால் காற்று பிடித்துக்கொள்ளும்.

மழையை மட்டும் நினைத்துத் தகரத்தை ஐந்தடி உயரத்தில் போட்டவர்கள் மே மாதம் அழுவார்கள். அக்னி நட்சத்திரத்தில் அதன் அடியில் கோழி வாயைப் பிளந்து இரைக்கும். ஏழடியாவது வேண்டும், மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். கோடைக்காகக் கட்டிய பச்சை வலையை அக்டோபரில் மறக்காமல் அவிழ்த்துவிடுங்கள், அது காற்றில் பாய்மரம் மாதிரி இழுக்கும்.

ரெட் அலர்ட் சொன்னால் எவ்வளவு நல்ல கூரையாக இருந்தாலும் நான் கோழிகளை உள்ளே கொண்டு வந்துவிடுவேன். குளியலறையில் பழைய செய்தித்தாளை நாலு மடிப்பாக விரிக்க வேண்டும், வாளித் தண்ணீரை மூடி வைக்க வேண்டும், வீட்டில் முதல் நாளே அனுமதி வாங்கிவிட வேண்டும்.