வோல்ட்டும் ஆம்பியரும் கையில் இருந்தும் கணக்கு தப்புவது ஏன்?

வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை. இரண்டையும் பெருக்கினால் மின்திறன். ஜெர்மன் இயற்பியலாளர் ஓம் தன் விதியை 1827இல் வெளியிட்டதிலிருந்து மின்தடைக் கணக்கில் எந்த மாற்றமும் இல்லை. சூத்திரத்தை மறந்து தப்புப் போடுகிறவர்கள் குறைவுதான். எந்த இடத்து வோல்ட், எந்த இடத்து ஆம்பியர் என்று பார்க்காமல் கைக்கு வந்த எண்ணைப் போடுகிறவர்கள்தான் அதிகம்.

எல்இடிக்கு ரெசிஸ்டர் போடும் கணக்கையே பாருங்கள். 5 வோல்ட் சப்ளை, சிவப்பு எல்இடி, 20 மில்லிஆம்பியர் போக வேண்டும். உடனே 5-ஐ 0.02-ஆல் வகுத்து 250 ஓம் என்று எழுதிவிடுவார்கள். ஆனால் அந்த 5 வோல்ட்டில் ஏறக்குறைய 2 வோல்ட் எல்இடியிலேயே விழுந்துவிடுகிறது. ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கு நடுவே மிஞ்சுவது 3 வோல்ட். ஆக 3-ஐ 0.02-ஆல் வகுத்து 150 ஓம். 250 ஓம் போட்டால் எதுவும் எரிந்துபோகாது, 12 மில்லிஆம்பியர்தான் போகும், வெளிச்சம் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். அதனாலேயே இந்தத் தப்பு கண்ணில் படாமல் தொடர்கிறது.

இதே தப்பு வயர் கணக்கில் வந்தால் விடை பயமுறுத்தும். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 10 ஆம்பியர் எடுக்கிறோம். போகவும் வரவும் சேர்த்து வயரின் தடை 0.1 ஓம். வயரில் எவ்வளவு திறன் வீணாகிறது? வோல்ட்டின் வர்க்கத்தைத் தடையால் வகுக்கலாம் என்று 144-ஐ 0.1-ஆல் வகுத்தால் 1440 வாட் வருகிறது. பேட்டரி மொத்தமாகக் கொடுப்பதே 120 வாட்தான்! தப்பு சூத்திரத்தில் இல்லை. 12 வோல்ட் என்பது பேட்டரியின் முனைகளுக்கு நடுவே உள்ளது. வயரில் விழுவது 10 × 0.1, அதாவது 1 வோல்ட் மட்டுமே. அந்த 1 வோல்ட்டைப் போட்டால் 10 வாட். மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினாலும் அதே 10 வாட்.

தடை கூடினால் சூடு கூடுமா, குறையுமா என்ற குழப்பமும் இங்கிருந்துதான் கிளம்புகிறது. ஒரு சூத்திரத்தில் தடை மேலே நிற்கிறது, இன்னொன்றில் கீழே. எது மாறாமல் இருக்கிறது என்று கேட்டால் போதும். ஹீட்டருக்குக் கிடைக்கும் வோல்ட்டேஜ் மாறாது, ஆகவே தடை குறைந்தால் திறன் கூடும். தொடராக இணைத்த இரண்டு ரெசிஸ்டர்களில் ஓடுவது ஒரே கரண்ட், அங்கே தடை அதிகமானதுதான் அதிகம் சுடும். அப்புறம், வோல்ட்டேஜ் பாதியானால் திறனும் பாதி என்று நினைக்க வேண்டாம். 230 வோல்ட்டில் 1000 வாட் கொடுக்கும் ஹீட்டர், தடை மாறாத வரை, 115 வோல்ட்டில் 250 வாட்தான் கொடுக்கும்.

தடை மாறாத வரை என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. 230 வோல்ட், 60 வாட் குண்டு பல்புக்குக் கணக்குப் போட்டால் தடை சுமார் 882 ஓம் வரும். அணைந்து ஆறிய பல்பை மல்டிமீட்டரில் வைத்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் காட்டாது. மீட்டர் கெட்டுப்போகவில்லை, டங்ஸ்டன் இழை சூடேறி ஒளிரும்போது தடை பல மடங்கு ஏறிவிடுகிறது. ஆறிய தடையை வைத்துத் திறனைக் கணித்தால், சுவிட்சைப் போட்ட கணத்துக்கு மட்டும்தான் அது பொருந்தும். பழைய பல்புகள் பெரும்பாலும் சுவிட்ச் போடும்போதே போய்விடுவதற்கும் இந்தத் திடீர் கரண்டுக்கும் தொடர்பு உண்டு.

மில்லிஆம்பியரை ஆம்பியராக மாற்ற மறப்பது எல்லோருக்கும் தெரிந்த தப்புதான். 12 வோல்ட், 24 மில்லிஆம்பியர் என்றால் 500 ஓம், 0.5 ஓம் அல்ல. மாற்றவே வேண்டாம் என்றால் ஒரு வழி: வோல்ட்டை மில்லிஆம்பியரால் வகுத்தால் விடை நேராகக் கிலோ ஓமில் வரும், பெருக்கினால் மில்லிவாட்டில் வரும்.

ஏசி மின்சாரத்தில் மோட்டார் வைத்த கருவிகளுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். 230 வோல்ட்டில் 2 ஆம்பியர் இழுத்தால் 460 வாட் என்று எழுதிவிட முடியாது. அது 460 வோல்ட்-ஆம்பியர். பவர் ஃபேக்டர், அதாவது வோல்ட்-ஆம்பியரில் உண்மையான திறனாகும் பங்கு, 0.7 என்றால் உண்மையான திறன் 322 வாட். 230-ஐ 2-ஆல் வகுத்து வரும் 115 ஓமும் வெறும் மின்தடை அல்ல, சுருளின் தூண்டல் விளைவும் அதில் கலந்த மின்மறுப்பு.

அளக்கும்போதே எண் தப்பாகிவிட்டால் கணக்கு என்ன செய்யும்? கரண்டை அளக்க மீட்டரைத் தொடரில்தான் இணைக்க வேண்டும். கரண்ட் அளக்கும் நிலையில் பேட்டரியின் இரு முனைகளிலும் நேராக வைத்தால் கிட்டத்தட்ட ஷார்ட் சர்க்யூட், ஃபியூஸ் போய்விடும். தடையை அளக்க சப்ளையைத் துண்டியுங்கள். ரெசிஸ்டரின் ஒரு காலையாவது போர்டிலிருந்து கழற்றுங்கள். இல்லாவிட்டால் பக்கத்தில் இணையாக உள்ள பாதைகளையும் சேர்த்து மீட்டர் குறைத்துக் காட்டலாம்.

ஓம் கணக்கு சரியாக வந்ததும் வாட் கணக்கை விட்டுவிடுவதும் உண்டு. 12 வோல்ட்டுக்குக் குறுக்கே 100 ஓம் வைத்தால் ரெசிஸ்டரில் 1.44 வாட் சூடாகிறது. அங்கே கால் வாட் ரெசிஸ்டரைப் போட்டால் கருகிவிடும். சரியாக 1.44-க்கு ஈடாகத் தேடாமல், இரண்டு மடங்கு தாங்கும் 3 வாட் ரெசிஸ்டராகப் போடுங்கள். அதுவும் கை வைத்தால் சுடும், பிளாஸ்டிக்கை ஒட்டி வைக்காதீர்கள்.