துணிக்கடையில நாள் முழுக்க நிக்கிறவங்களுக்கு: காலும் மனசும் கெடாம இருக்க

தி.நகர்ல துணிக்கடை வேலை எனக்கு. காட்டன் புடவை செக்‌ஷன்ல சேல்ஸ் கேர்ளா சேர்ந்தவ, இப்போ ஃப்ளோர் சூப்பர்வைசர். ஊர்ல இருந்து புதுசா வர்ற பொண்ணுங்க முதல் வாரத்துலயே கேக்குற கேள்வி, "அக்கா, கால் இப்படித்தான் வலிக்குமா?" அவங்களுக்குச் சொல்றதைத்தான் இங்க எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கங்க. நிக்கிறதை விட, அசையாம நிக்கிறதுதான் காலுக்குக் கேடு. கால்ல இறங்குற ரத்தத்தை மறுபடி மேல தள்ளுறது கெண்டைக்கால் சதை. நடந்தா அது சுருங்கிச் சுருங்கித் தள்ளும். ஒரே இடத்துல நின்னா ரத்தம் கீழயே தேங்கும், கணுக்கால் வீங்கும். வருஷக்கணக்குல இப்படியே போனா ரத்தக்குழாய்ல இருக்கிற வால்வு தளர்ந்து, முழங்காலுக்குக் கீழ பச்சையா சுருண்டு புடைச்சுக்கும். வெரிகோஸ்னு டாக்டர் சொல்றது அதைத்தான்.

அதனால கஸ்டமர் முந்தானையை விரிச்சுப் பாத்துட்டு இருக்கும்போது நீங்க குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்க. கவுண்டர் மறைச்சுக்கும், யாருக்கும் தெரியாது. அரை மணிக்கு ஒருக்கா இருபது தரம் போதும். அடுத்த ரேக்ல இருக்கிற பீஸை எடுத்துட்டு வரச் சொல்லி ஹெல்ப்பர் பையனைக் கூப்பிடாதீங்க, நீங்களே நடந்து போய் எடுங்க. இடுப்பு பிடிச்சா கவுண்டர் அடிப்பலகையில ஒரு காலை ஏத்தி வைங்க, கொஞ்ச நேரத்துல கால் மாத்துங்க. எங்க கடை மாதிரி செருப்பில்லாம டைல்ஸ்ல நிக்கிற கடைன்னா, சரக்கு வந்த அட்டைப்பெட்டியை ரெண்டு மடிப்பா மடிச்சு காலுக்கடியில போட்டுக்கங்க. காலையில எந்திரிச்சு முதல் அடி வைக்கும்போது குதிகால்ல சுருக்குன்னு குத்துறவங்களுக்கு இது ரொம்ப அவசியம்.

ராத்திரி ஹாஸ்டலுக்குப் போனதும் கணுக்கால் எலும்புக்கு மேல கட்டைவிரலால அழுத்திப் பாருங்க. குழி விழுந்து அப்படியே நின்னா நீர் கோத்திருக்குன்னு அர்த்தம். படுத்துட்டு காலை சுவத்து மேல ஏத்தி ஒரு கால் மணி நேரம் இருங்க. தினமும் இப்படி இருந்தா டாக்டரைப் பாருங்க. இறுக்கமான வெரிகோஸ் சாக்ஸ் எழுதிக் கொடுத்தா, காலையில வீக்கம் வர்றதுக்கு முன்னாடியே போடணும், சாயங்காலம் போட்டுப் பிரயோஜனம் இல்ல. சுகர் இருக்கிறவங்க டாக்டரைக் கேக்காம வாங்காதீங்க. ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கி, சூடா, கெண்டைச் சதை வலிச்சா விடியட்டும்னு காத்திருக்காதீங்க. ரத்தம் கட்டியிருக்கலாம், அன்னிக்கே ஆஸ்பத்திரி போகணும். மூச்சும் வாங்கினா 108-ஐக் கூப்பிடுங்க.

அடுத்தது தண்ணி. பாத்ரூம் மேல் மாடியில, போனா நேரம் பாப்பாங்கன்னு பொண்ணுங்க தண்ணியே குடிக்கிறதில்ல. யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்து எரிச்சலோட நிப்பாங்க. குளிர் காய்ச்சலும் விலாப்பக்கம் வலியும் வந்தா அது கிட்னி வரைக்கும் ஏறிருச்சுன்னு சந்தேகப்படணும். பக்கத்து கவுண்டர்காரியோட ஜோடி போட்டுக்கங்க, ஒருத்தி போனா இன்னொருத்தி ரெண்டையும் பாக்கட்டும். சூப்பர்வைசர் யாராவது இதைப் படிச்சா, டீ டைம் எழுதுற சீட்டுலயே பாத்ரூம் முறையும் எழுதிடுங்க. நான் அப்படித்தான் செய்றேன். ஒரு பில்லும் குறையல.

இனி உக்கார்ற விஷயம். 2021-ல தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டத்துல 22-ஏ-ன்னு ஒரு பிரிவு சேத்தாங்க. எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி இருக்கணும், வேலைக்கு நடுவுல வாய்ப்பு கிடைக்கும்போது உக்காரலாம்னு அதுல இருக்கு. கேரளாவுல 2018-லயே வந்துருச்சு. அங்க கடைகள்ல வேலை பாக்குற பொண்ணுங்க போராடி வாங்கினது அது. நம்ம பக்கம் ஸ்டூல் வந்த கடையிலயும், உக்காந்தா கேமராவுல பாத்துட்டு மேல இருந்து போன் வரும்.

கேக்குறதுக்கும் ஒரு முறை இருக்கு. தனியா போகாதீங்க, பேர் கெடும். ஒரு செக்‌ஷனே சேர்ந்து, ஆடி சேலுக்கு முன்னாடி, கூட்டமில்லாத ஒரு காலை நேரத்துல ஃப்ளோர் மேனேஜர்கிட்ட போங்க. "கவுண்டருக்கு ரெண்டு மடக்கு ஸ்டூல் போதும் சார், கஸ்டமர் வந்தா எந்திரிச்சுருவோம்"னு ஆரம்பிங்க. சட்டத்தை முதல் வார்த்தையிலயே எடுக்காதீங்க, முடியாதுன்னு சொன்னா எடுங்க. அதுக்கும் அசையலைன்னா தொழிலாளர் துறை ஆய்வாளருக்கு மனு கொடுக்கலாம். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48, நாலு மணி நேர வேலைக்கு மேல போனா இடையில ஒரு மணி நேர ஓய்வு, ஓவர்டைமுக்கு ரெட்டைச் சம்பளம் - இதெல்லாம் அதே சட்டத்துல பழைய காலத்துல இருந்தே இருக்கு. தீபாவளி சீசன்ல யாரு பாக்குறாங்க, அது வேற கதை.

சம்பளச் சீட்டுல இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் காப்பீட்டுக்குப் பணம் பிடிக்கிறாங்களான்னு பாருங்க. மாசம் 21,000 ரூபா வரைக்கும் சம்பளம்னா 0.75 சதவீதம் பிடிப்பாங்க, பத்தாயிரத்துக்கு 75 ரூபா. தேவையான நாள் வேலை பாத்து பணம் கட்டியிருந்தா, இ.எஸ்.ஐ. டாக்டர் எழுதிக் கொடுக்குற லீவுக்கு வருஷத்துல 91 நாள் வரைக்கும் 70 சதவீதம் சம்பளம் கிடைக்கும். சம்பளம் போயிடும்னு பயந்து காய்ச்சலோட கவுண்டர்ல நிக்கிற பொண்ணுங்க பாதிப் பேருக்கு இது தெரியாது.

மனசுக்கு வர்றேன். நாப்பது புடவை பிரிச்சுக் காட்டி, "அப்புறம் வர்றோம்"னு போயிடுவாங்க. "ஏன் பில் ஆகல?"ன்னு பின்னாடியே ஒரு குரல் வரும். மடிக்கிற நேரத்தை நீங்க எடுத்துக்கங்க. ஒவ்வொரு மடிப்புக்கும் மூச்சை மெதுவா, நீளமா வெளிய விடுங்க. நாலு புடவையில நெஞ்சுப் படபடப்பு இறங்கும். ஆனா வாரக்கணக்கா தூக்கம் வரல, கடை வாசலை மிதிக்கவே கை நடுங்குது, பிள்ளைங்க மேல எரிஞ்சு விழறேன்னா மூச்சுப் பயிற்சி பத்தாது. 14416-க்கு போன் பண்ணுங்க, அரசாங்கத்தோட டெலிமானஸ்ங்கிற மனநல உதவி நம்பர் அது, தமிழ்லயே பேசுவாங்க, காசு இல்ல. செத்துரலாம்னு தோணினா ஒரு நிமிஷம் கூட தள்ளிப் போடாம அந்த நம்பருக்கு போன் பண்ணுங்க.

வீக் ஆஃப் அன்னிக்கு ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்துல பிரஷரும் சுகரும் பாத்துட்டு, நம்பரைச் சீட்டுல எழுதி வாங்குங்க. பிரஷர் 140-க்கு 90-ஓ அதுக்கு மேலயோ இருந்தா, அடுத்த வீக் ஆஃப்ல மறுபடி போய்ப் பாருங்க. அப்பவும் அப்படியே இருந்தா மாத்திரை வேணுமான்னு டாக்டர் சொல்லட்டும், மெடிக்கல் ஷாப் தம்பி சொல்ல வேண்டாம்.