திரும்பவும் காட்டுப் பாதையில் ஓட ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிள் எடுக்கிறீர்களா?

கலியாணம், வேலை, பிள்ளைகள் என்று பத்துப் பன்னிரண்டு வருடம் சைக்கிளைத் தொடாமல் இருந்துவிட்டு, இப்போது மறுபடி மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் ஓட வேண்டும் என்று நினைப்பவர்கள் எடுத்தவுடன் கேட்பது, "எத்தனை மில்லிமீற்றர் ட்ரவல் எடுக்கலாம்?" என்றுதான். ஃபுல் சஸ்பென்ஷன் என்றால் முன்னாலும் பின்னாலும் ஷொக் இருப்பது, ட்ரவல் என்றால் அந்த ஷொக் அமுங்கும்போது சில்லு மேலே எழும்பக்கூடிய தூரம். அந்த இலக்கத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நீங்கள் உண்மையில் எங்கே ஓடப்போகிறீர்கள் என்பதை முதலில் யோசியுங்கள். மட்டக்களப்பில் இருந்தால் அனேகமாக வவுணதீவு, ஆயித்தியமலை வழியாக உன்னிச்சைக் குளக்கட்டு, துணிந்தவர்களுக்குக் குடும்பிமலைப் பக்கம். அம்பாறையில் இருந்தால் இங்கினியாகல. லீவு கிடைத்தால் பதுளை வீதியில் பிபிலை தாண்டி லுணுகலை மலைகள். வருடத்தில் முக்கால்வாசி ஓட்டம் சமதரையில்தான்.

"மட்டமான ஊர்தானே, பின்னாலும் ஷொக் எதுக்கு?" என்று கடையில் கேட்பார்கள். மாரியில் சேறாகக் கிடந்த வயல் வீதியைக் கோடையில் போய்ப் பாருங்கள். உழவு இயந்திரத்தின் சில்லுத் தடமும் எருமைகளின் குளம்புத் தடமும் அப்படியே காய்ந்து இறுகிப்போய் இருக்கும், ஒவ்வொரு குளம்புக் குழியும் நாலு விரல் ஆழம், விளிம்பு மேலெழும்பி நிற்கும், பின் சில்லு ஒன்றிலிருந்து அடுத்ததற்கு விழுந்து விழுந்து போகும். பின்னால் ஷொக் இல்லாத சைக்கிளில் அந்த முழுத் தூரத்தையும் பெடலில் எழும்பி நின்றுதான் கடக்க வேண்டும், நாற்பது வயதில் இடுப்பு அதற்குச் சம்மதிக்காது. ஃபுல் சஸ்பென்ஷன் இருந்தால் இருந்தபடியே மிதிக்கலாம், சில்லும் நிலத்தை விட்டு எழும்பாது. பாய்ந்து குதிப்பது அல்ல, இதுதான் நமக்கு அதனால் கிடைக்கும் பெரிய பயன்.

இந்த வேலைக்குப் பின்னால் 120 முதல் 130 மில்லிமீற்றர், முன்னால் 130 அல்லது 140 தாராளமாகப் போதும். 160க்கு மேல் போகிறவை செங்குத்தான மலை இறக்கத்துக்காகச் செய்தவை, கச்சான் காத்து எதிரே அடிக்கும்போது அந்தக் கூடுதல் எடையை நீங்கள்தான் மிதிக்க வேண்டும். 100 மில்லிமீற்றர் ரேஸ் சைக்கிள்கள் இலேசானவை, வேகமானவை, ஆனால் பழக்கம் விட்டுப்போனவருக்குக் கல்லுப் பாதையில் நிதானம் தராது. ஒன்று சொல்லிவிடுகிறேன், மணலில் எந்தச் சஸ்பென்ஷனும் உதவாது. அங்கே அகலமான ரயரும் குறைந்த காத்தும்தான்.

நீங்கள் விட்டுப்போன காலத்துக்கும் இப்போதைக்கும் இடையே நிறைய மாறிவிட்டது. 26 அங்குலச் சில்லு பெரியவர்களுக்கான புது மலைச் சைக்கிள்களில் அனேகமாக இல்லை, 29 அல்லது 27.5 தான். ஹான்டில் 760 முதல் 800 மில்லிமீற்றர் அகலம், அதைப் பிடிக்கும் ஸ்டெம் 35 முதல் 50 தான். முன் சில்லைப் பிடிக்கும் போர்க் முன்பு 69, 70 பாகையில் நிமிர்ந்து நின்றது, இப்போது 65, 66 பாகைக்குச் சரிந்திருக்கிறது, அதனால் இறக்கத்தில் முன்னால் தூக்கி எறியப்படும் பயம் நன்றாகக் குறைந்துவிட்டது. முன்னால் ஒரே ஒரு பல்சக்கரம், பின்னால் பன்னிரண்டு. இருக்கையை ஓடும்போதே பட்டனால் தாழ்த்தும் ட்ரொப்பர் போஸ்ட் வந்திருக்கிறது, திரும்பி வருகிறவர்களுக்கு அது கட்டாயம் வேண்டும் என்பேன். பழைய சைக்கிளின் நல்ல சில்லுகளைப் புதியதில் போடலாம் என்று நம்பி வாங்காதீர்கள், பின் அச்சு இப்போது பெரும்பாலும் 148 மில்லிமீற்றர், பழையது பொருந்தாது.

அளவையும் முன்புபோல "17 அங்குலம்" என்று கேட்க வேண்டாம். ரீச் என்ற அளவைப் பாருங்கள், பெடலில் எழும்பி நிற்கும்போது உங்களுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை அதுதான் சொல்லும். மீடியம் சைக்கிளில் அது 440 முதல் 460 மில்லிமீற்றர் வரை இருக்கும். கடை வாசலில் இருந்து பார்ப்பதோடு விடாமல், பெடலில் எழும்பி நின்று முழங்காலையும் முழங்கையையும் மடக்கிப் பாருங்கள்.

பழையது வாங்குபவர்கள் இதைக் கவனமாக வாசியுங்கள். இருக்கையைப் பிடித்து மெல்ல ஒரு சொட்டுத் தூக்குங்கள், சில்லு நிலத்தை விட்டு எழும்புவதற்கு முன் "டக்" என்று ஒரு ஆட்டம் தெரிந்தால் இணைப்புகளின் பெயாரிங்கோ ஷொக்கின் புஷ்ஷோ தேய்ந்திருக்கிறது. ஏர் ஷொக் என்றால் உரிமையாளரைக் கேட்டுக் காத்தை முழுக்க இறக்கிவிட்டு, பின் சில்லைக் கையால் மேலும் கீழும் அசையுங்கள்: நறநறவென்று உரசினால் பெயாரிங் செலவையும் விலையில் கழிக்க வேண்டும். போர்க்கின் பளபளப்பான குழாய்களில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், நகம் தடக்கும் கீறல் இருந்தால் சீல் எண்ணெயைக் கசியவிடும். ஒட்டு வைத்த இடங்களையும் இணைப்பு ஓட்டைகளைச் சுற்றியும் துணியால் துடைத்து, மயிர் போன்ற வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தேடுங்கள், இருந்தால் விலை எதுவானாலும் வேண்டாம். கல்லடி, காத்தான்குடி, கல்முனைக் கரையோரத்தில் நின்ற சைக்கிள் என்றால் ஆணிகளில் கறள் எவ்வளவு என்றும் பாருங்கள். இறுகிப்போன ஒரு இணைப்பு ஆணியைக் கழற்றுவதற்குள் ஒரு பின்னேரம் போய்விடும்.

பெடல் அச்சு பிரேமுக்குள் மரையில் சுற்றி இறங்கும் வகையாக இருப்பது நல்லது, அழுத்திப் பொருத்தும் வகை சத்தம் போடத் தொடங்கினால் அதற்கான கருவி இல்லாமல் கஷ்டம்.

பராமரிப்பை வாங்குவதற்கு முன்பே யோசியுங்கள். போர்க்கின் கீழ்க் குழாய்களுக்கு ஏறத்தாழ 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டும், 200 மணி நேரத்தில் உள்ளே முழுச் சேவிஸ். வயல் தூசியில் ஓடுகிறவர்கள் இதைத் தள்ளிப்போடக் கூடாது. மோட்டார் சைக்கிள் கழுவும் இடத்தில் கொடுத்து வேகத் தண்ணீர் அடித்தால் பெயாரிங்குக்குள் தண்ணீர் போய்விடும், வாளியும் துணியும் போதும்.

விலை குறைந்த "ஃபுல் சஸ்பென்ஷன்" சைக்கிள்களில் பின்னால் ஒரு வெறும் ஸ்பிரிங்தான் இருக்கும், அது திரும்பி வரும் வேகத்தைக் கட்டுப்படுத்த உள்ளே ஒன்றும் இல்லை. குழியில் விழுந்தால் உங்களைத் தூக்கிப் போடும், பெடலை மிதித்தால் பாதிப் பலத்தை விழுங்கும். கையில் உள்ள காசு அவ்வளவுதான் என்றால், முன்னால் மட்டும் நல்ல போர்க்கும் ஹைட்ரோலிக் டிஸ்க் பிரேக்கும் உள்ள சைக்கிளை எடுங்கள், அதுவே பல மடங்கு மேல்.

வீட்டுக்குக் கொண்டு வந்ததும் ஷொக் பம்ப் ஒன்றோடு சாக், அதாவது நீங்கள் ஏறி இருக்கும்போது உங்கள் எடைக்கு ஷொக் எவ்வளவு அமுங்குகிறது என்பதை, சரிபார்க்க வேண்டும், இதைச் செய்யாவிட்டால் எவ்வளவு நல்ல சைக்கிளும் மோசமாகத்தான் ஓடும். தண்ணீர்ப் போத்தல், பை எல்லாவற்றோடும் ஏறி இருங்கள், ஷொக் தண்டில் உள்ள ரப்பர் வளையத்தை மேலே தள்ளிவிட்டு ஆடாமல் இறங்குங்கள். ஷொக் தண்டின் ஓட்டம் 50 மில்லிமீற்றர் என்றால் வளையம் 15 மில்லிமீற்றர் நகர்ந்திருக்க வேண்டும், அதாவது முப்பது வீதம். கூட நகர்ந்தால் காத்து ஏற்றுங்கள், குறைந்தால் இறக்குங்கள்.

ரயர் 2.4 அங்குலம், ரியூப் இல்லாமல் உள்ளே சீலன்ட், அதாவது முள் குத்திய ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம், ஊற்றியது. நெருஞ்சியும் இலந்தை முள்ளும் உள்ள பாதைகளில் ரியூபோடு போனால் ஒட்டுப் போடுவதே வேலையாகிவிடும். இங்கத்தைய வெக்கைக்குச் சீலன்ட் சீக்கிரம் காயும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து ஊற்றுங்கள்.

இன்னொன்று, இந்தச் சைக்கிள்கள் சத்தமில்லாமல் போகும், உன்னிச்சைப் பக்கமும் இங்கினியாகலப் பக்கமும் யானைக்கு நீங்கள் வருவது தெரியாது. விடிந்து வெளிச்சம் வந்தபின் புறப்பட்டு, பின்னேரம் இருட்டுவதற்கு நன்றாக முன்பே திரும்பிவிடுங்கள், வழியில் வாடியில் இருப்பவர்களிடம் இன்றைக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்று கேட்டுவிட்டே போங்கள்.

காசு கொடுக்கும்போதே கியர் தொங்கும் ஹாங்கர் இரண்டு, பிரேக் பாட் இரண்டு சோடி சேர்த்து வாங்குங்கள். ஹாங்கர் பிரேமுக்குப் பிரேம் வேறுபடும், வளைந்த பிறகு இங்கே தேடினால் கிடைப்பது கஷ்டம்.