நேர்முகம் முடிந்த பின் நேரில் போய்ப் பார்க்க வேண்டுமா?

அமெரிக்க ரெசிடென்சிக்கு, அதாவது வைத்தியசாலையில் பணியாற்றியபடியே பெறும் சிறப்பு மருத்துவப் பயிற்சிக்கு, விண்ணப்பித்த கிழக்குப் பல்கலைக்கழக மருத்துவப் பட்டதாரிகள் பலரும், நேர்முகங்கள் முடிந்த தை மாதத்தில், பயிற்சி இடங்களைத் தம் விருப்பப்படி அடுக்கும் தரவரிசைப் பட்டியலைப் பதிவதற்கு முன், நேர்முகம் கண்ட வைத்தியசாலைகளை ஒருமுறை பார்த்துவர வேண்டுமா என்று யோசிக்கிறார்கள். 2020க்குப் பின் பெரும்பாலான நேர்முகங்கள் இணையவழியே நடக்கின்றன. நியூயோர்க்கின் காலை 9 மணி மட்டக்களப்பில் இரவு 7.30 என்பதால், மாரிமழைக்கு மின்சாரம் போய்விடுமோ என்ற பயத்தோடு திரைக்கு முன் அமர்ந்தவர்களுக்கு, ‘செகண்ட் லுக்’ எனப்படும் இந்த இரண்டாம் வருகை உண்மையில் முதற்பார்வைதான்.

வைத்தியசாலையினருக்கு நம் மீது நல்லெண்ணம் பிறக்கும் என்பதற்காக மட்டும் போவதாக இருந்தால் போக வேண்டாம். இருதரப்புப் பட்டியல்களையும் கொண்டு விண்ணப்பதாரரைப் பயிற்சி இடங்களோடு பொருத்தும் ‘மெட்ச்’சை நடத்தும் என்.ஆர்.எம்.பி. அமைப்பின் விதிகளின்படி, எந்தப் பயிற்சி நிகழ்ச்சித்திட்டமும் இரண்டாம் வருகையைக் கட்டாயமாக்கக் கூடாது. வராதவர் தங்கள் வரிசையில் கீழிறங்குவார் என்று உணர்த்தவும் கூடாது. சில இடங்களில் தங்கள் பட்டியலை முடித்துவிட்ட பிறகே அழைக்கிறார்கள். பொருத்தும் கணக்கும் விண்ணப்பதாரரின் முதல் விருப்பத்திலிருந்தே தொடங்குவதால், உண்மையான விருப்ப வரிசையை இடுவதே போதும்.

அடுத்து, பட்டியலை ஒரு தாளில் எழுதி, போய்வந்தால் எந்த இரண்டு இடங்கள் மாறக்கூடும் என்று பாருங்கள். ஏழாவதும் எட்டாவதும் இடம் மாறுவதற்காக விமானச் சீட்டு எடுப்பது, என் கணிப்பில், வீண் செலவு. முதல் இரண்டு இடங்களுக்குள் மனம் ஊசலாடினாலும், அந்த ஐயம் கேட்டுத் தீர்வதா, பார்த்துத்தான் தீர்வதா என்று பிரித்தறிய வேண்டும். ஜே-1 எனும் பரிமாற்ற விசா மட்டும்தானா, எச்-1பி எனும் வேலை விசாவும் உண்டா (பின்னதற்கு அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் ஸ்டெப் 3 தேவை), நான்கு வாரச் சராசரியில் வாரத்துக்கு 80 மணிநேரம் என்ற வேலை வரம்பு மெய்யாகவே பேணப்படுகிறதா என்பவற்றை அங்கு பயிலும் ரெசிடென்ட் ஒருவரிடம் தொலைபேசியிலேயே கேட்டுவிடலாம். துணையும் குழந்தையும் வாழக்கூடிய அயலா, இரவுப் பணி முடிந்து பனியில் வீடு திரும்ப முடியுமா என்பவை மட்டுமே கண்ணால் காண வேண்டியவை.

அமெரிக்கா போய்வர விசா கையில் இல்லாதவர்கள் இந்த எண்ணத்தை விட்டுவிடுவதே நல்லது. முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் பயணித்துக் கொழும்பில் தூதரக நேர்காணலுக்கு நிற்பதற்கும், உள்ளகப் பயிற்சியிலோ வைத்திய அதிகாரிப் பணியிலோ விடுப்புப் பெறுவதற்கும், பட்டியல் முடியும் மார்ச் மாதத் தொடக்கத்துக்குள் காலம் போதாது. ஏற்கெனவே ஒப்சர்வர்ஷிப்புக்காக (வைத்தியசாலைப் பணியை உடனிருந்து பார்த்துக் கற்பதற்காக) அங்கு தங்கியிருப்பவருக்கோ அது ஒரு பஸ் பயணம். அவர் தாராளமாகப் போகலாம்.

போவதானால், ஒருங்கிணைப்பாளருக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பி, காலைக் கலந்துரையாடலில் அமர அனுமதி கேளுங்கள். பேராசிரியர்கள் இல்லாத நேரத்தில் ரெசிடென்ட்களோடு பேசுங்கள். அவர்கள் எதைச் சொல்லத் தயங்குகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். உங்களை எத்தனையாவதாக வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் கேட்க வேண்டாம்.

திரும்பியதும் வரிசையை மாற்றினால், அதை மீண்டும் சான்றுப்படுத்த, அதாவது இதுவே என் பட்டியல் என்று இணையத்தில் உறுதிசெய்ய, வேண்டும். சான்றுப்படுத்தாத மாற்றம் கணக்கில் சேராது. பட்டியலுக்கான இறுதி நேரமான அமெரிக்கக் கிழக்கு நேர இரவு 9 மணி, நமக்கு மறுநாள் காலை 7.30 ஆகும்.