டெட்ரிஸ் கிராண்ட் மாஸ்டர்: 20ஜி ஸ்பீடுல தாக்குப்பிடிக்கிறது எப்படி, புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

போன்ல டெட்ரிஸ் ஆடி ஆடி போரடிச்சுப் போச்சுங்கறவங்களுக்குத்தான் இந்தப் பதிவு. 1998-ல ஜப்பான் ஆர்கேட்ல அரிக்கா கம்பெனி இறக்குன டெட்ரிஸ் தி கிராண்ட் மாஸ்டர், சுருக்கமா டிஜிஎம், அதுல ஒரு கட்டத்துக்கு மேல பீஸ் விழுறதே கிடையாது, மேல வந்த அதே சமயம் அடியில போய் கிடக்கும். ஃபீல்டு உயரம் 20 வரிசை, ஒரு ஃப்ரேமுக்கு (ஒரு நொடியில சுமார் 60-ல ஒரு பங்கு) 20 வரிசை இறங்குது, அதான் 20ஜி. வீடியோல பாக்க மனுஷன் ஆடுற மாதிரியே இருக்காது, ஆனா என்னைக் கேட்டா அதுல கை ஸ்பீடு கால்வாசிதான், மிச்சமெல்லாம் எந்த ஷேப்ல அடுக்குறோம், பீஸ் வர்றதுக்கு முன்னாடியே எதை அமுக்கி வைக்கிறோம், அவ்ளோதான்.

கேம் எங்க கிடைக்கும்? பழைய ஆர்கேட் கேம்களை மறுபடி இறக்குற ஆர்கேட் ஆர்க்கைவ்ஸ் சீரிஸ்ல முதல் பாகம் 2022 டிசம்பர்லயும் ரெண்டாவது 2023 ஜூன்லயும் ஸ்விட்ச், பிஎஸ்4-க்கு வந்துடுச்சு, 2025-ல நாலாவது பாகம் ஸ்டீம்லயே வந்துச்சு. நான் கீழ சொல்ற நம்பர் எல்லாம் முதல் பாகத்துக்கு, மத்ததுல கொஞ்சம் மாறும்.

ஸ்டெப் 1: நேரம் எங்க இருக்குன்னு பாருங்க

பீஸ் தரையைத் தொட்டதும் ஒட்டாது, 30 ஃப்ரேம், அதாவது சுமார் அரை நொடி டைம் தரும், அதுக்குள்ள நகத்தலாம் திருப்பலாம். ஒட்டினதுக்கு அப்புறம் அடுத்த பீஸ் வர்றதுக்கு இன்னொரு அரை நொடி கேப். இப்ப வர்ற டெட்ரிஸ்ல பட்டனைத் தட்டித் தட்டி பீஸைச் சுத்தவிட்டே டைம் வாங்குவோமே, அந்த வேலை இங்க நடக்காது. பீஸ் ஒரு வரிசை கீழ இறங்கினாத்தான் அந்த அரை நொடி மறுபடி முதல்லேந்து ஆரம்பிக்கும். இதை மனசுல வச்சுக்கோங்க, அடுத்த ஸ்டெப்புக்கு இதான் அஸ்திவாரம்.

ஸ்டெப் 2: நடுவுல மேடு, ரெண்டு பக்கமும் சரிவு

இதான் முழு விஷயமே. சாதாரண டெட்ரிஸ்ல நடு பள்ளமா இருந்தா பரவாயில்ல, பறக்குற பீஸை எங்க வேணா கொண்டு போவோம். 20ஜி-ல பீஸ் தரையில ஊர்ந்துதான் போகணும், இறங்கும், ஏறவே ஏறாது. அதனால ஸ்டேக், அதாவது அடுக்கி வச்ச குவியல், ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி இருக்கணும், உச்சி நடுவுல.

இடமிருந்து 1 முதல் 10 வரை காலம் (column, மேலேந்து கீழ போற நிரல்) எண்ணிக்கோங்க. மூணு அகல பீஸ் எல்லாம் 4, 5, 6-ல வரும். இப்ப 4-லேந்து 7 வரைக்கும் உயரம் 5, ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணா குறைஞ்சு 1-லயும் 10-லயும் உயரம் 2-ன்னு வைங்க. டி பீஸ் இந்த கேம்ல மூக்கு கீழ பாத்து வரும், ஜாய்ஸ்டிக்கை இடது பக்கம் பிடிச்சா படிப்படியா இறங்கி சுவர் வரைக்கும் போயிடும், ஒவ்வொரு படிக்கும் ஸ்டெப் 1-ல சொன்ன அரை நொடி புதுசா கிடைக்குது, சும்மா கிடைக்குற டைம் அது. ஆனா மூக்கு 2-வது காலத்துக்கு வந்தப்புறம் ஐயோ தப்பா வந்துட்டோமேன்னு வலது பக்கம் இழுத்தா வராது, ஏன்னா 4-வது காலம் ஒரு கட்டை உசரம், டி-யோட கை அதுல இடிக்கும். இப்ப இதையே தலைகீழா, நடுவுல 4-5-6 பள்ளமா இருக்குன்னு யோசிங்க, வர்ற பீஸ் எல்லாம் அந்தக் குழிக்குள்ளயே உக்காரும், பத்து பதினைஞ்சு பீஸ்ல ஆட்டம் காலி.

எஸ், இசட் ரெண்டையும் பாத்துப் பயப்படாதீங்க, சரிவு இருந்தா அதுங்களுக்கு இடம் தானா அமையும். எஸ் பீஸ் வலது சரிவுல நிக்கும், இடது சரிவுல படுக்கும், இசட் அப்படியே உல்டா. படுக்க வைக்க மட்டும் ரெண்டு கட்டை அகலத்துக்கு ஒரு சமமான படி வேணும்.

ஸ்டெப் 3: பீஸ் வர்றதுக்கு முன்னாடியே அமுக்குறது

ஒரு பீஸ் ஒட்டி அடுத்தது வர்றதுக்குள்ள இருக்குற அந்த அரை நொடி கேப்புல ரெண்டு வேலை பண்ணலாம். ஒண்ணு, ஜாய்ஸ்டிக்கை ஒரு பக்கம் பிடிச்சு வைக்கிறது. 16 ஃப்ரேம் பிடிச்சா சார்ஜ் ஆயிடும், அப்புறம் ஃப்ரேமுக்கு ஒரு காலம்னு பறக்கும், கேப் 30 ஃப்ரேம்ங்கறதால தாராளமா போதும். ரெண்டாவது, திருப்புற பட்டனை அமுக்கி வச்சா பீஸ் திரும்பின நிலைமையிலயே பிறக்கும், இதுக்கு ஐஆர்எஸ்-னு பேரு.

ஐஆர்எஸ் இல்லாம 20ஜி ஆடவே முடியாது, உதாரணம் சிவப்பு நீள பீஸ். அது படுத்துக்கிட்டே தரையில வந்துடுச்சுன்னா முதல் ரெண்டு பாகத்துல எழுப்பி நிறுத்த முடியாது. ஏன்னா நிக்கறப்ப அது படுத்த வரிசைக்குக் கீழ இன்னும் ரெண்டு கட்டை நீளும், அங்க ஏற்கனவே ஸ்டேக் இருக்கு, மத்த பீஸ் மாதிரி பக்கத்துல ஒரு காலம் தள்ளி நிக்கற சலுகையும் இதுக்குக் கிடையாது. மூணாவது பாகத்துலதான் இதுக்கு வழி பண்ணினாங்க. அதனால நெக்ஸ்ட் பாக்ஸ்ல சிவப்பு தெரிஞ்சதும் கையில இருக்குறதை ஒட்டிட்டு, ஒட்டின அந்த கேப்புலயே வலது பக்கம் பிடி, ஏ பட்டனை அமுக்கு. பீஸ் 6-வது காலத்துல நின்னுக்கிட்டே பிறந்து கூரையில வழுக்கி 10-வது காலக் குழிக்குள்ள போய் விழும், நாலு லைன். முதல் தடவை இது தானா நடக்குறப்ப கிடைக்குற சந்தோஷம் இருக்கே, சொன்னா புரியாது.

ஏ, சி ரெண்டு பட்டனும் இடஞ்சுழி, பி வலஞ்சுழி. ஒரே பக்கம் திருப்ப ரெண்டு பட்டன் எதுக்குன்னா டக் டக்குனு ரெண்டு தடவை திருப்ப ரெண்டு விரல் யூஸ் பண்ணலாம்.

ஸ்டெப் 4: கீழ் பக்கம்

பீஸ் சரியான இடத்துல இருந்தா அரை நொடி காத்திருக்காதீங்க, ஜாய்ஸ்டிக்கைக் கீழ ஒரு தட்டு, உடனே ஒட்டிக்கும். தட்டினதும் விட்டுடுங்க, அழுத்திக்கிட்டே இருக்குற பழக்கம் வேண்டாம்.

ஸ்டெப் 5: லெவல் கணக்கு

ஒரு பீஸுக்கு 1, அழிக்கிற லைனுக்கு தலா 1, அப்படியே 999 வரை ஏறும். 99, 199-ல வந்து நின்னுடும், லைன் அழிச்சாத்தான் அடுத்த நூறு. ஸ்பீடு ஒரே சீரா ஏறாது, 200-ல திடீர்னு பழையபடி மெதுவாகும், 251-ல மறுபடி எகிறும், 450 பக்கம் 3ஜி-க்கு இறங்கும், அதை நம்பி அசந்தோம்னா 500-ல நேரா 20ஜி. 450-லேந்தே கூரையைக் கட்ட ஆரம்பிச்சிடுங்க, 500 வந்தப்புறம் கட்டலாம்னு நினைச்சா நடக்காது. நாலு லைனுக்குக் குழி விட்டுட்டு சிவப்புக்காக ரொம்ப நேரம் காத்திருக்காதீங்க, இங்க ஏழு பீஸும் ஒரு சுத்துக்கு ஒரு தடவை வந்தே ஆகணும்னு ரூல் இல்ல, கடைசியா வந்த 4 பீஸைத் தவிர்க்க மட்டும்தான் கேம் பாக்கும்.

பிராக்டிஸுக்கு: முதல் வாரம் மெதுவான லெவல்லயே கூரை ஷேப்பும் ஐஆர்எஸ்-உம் மட்டும். கை பழகினதும் டைட்டில் ஸ்கிரீன்ல ரகசிய கோடு அடிச்சு வர்ற 20ஜி மோடு, அதுல முதல் பீஸ்லேந்தே முழு ஸ்பீடு. அதுல 100 தாண்டினாலே நார்மல் மோடுல 500-க்கு அப்புறம் கை நடுங்காது.

ஜிஎம், அதாவது கிராண்ட் மாஸ்டர்ங்கற உச்ச கிரேடு வேணும்னா லெவல் 300-ஐ 4:15-க்குள்ள 12,000 பாயிண்டோட, 500-ஐ 7:30-க்குள்ள 40,000-த்தோட, 999-ஐ 13:30-க்குள்ள 1,26,000-த்தோட தொடணும், ஒண்ணு விட்டாலும் கிடையாது. அதையும் முடிச்சிட்டு இன்னும் வேணும்ங்கறவங்களுக்கு ரெண்டாவது பாகம் ப்ளஸ்ல டெத் மோடு இருக்கு, லெவல் 0-லயே 20ஜி, போகப்போக அந்த அரை நொடியையும் குறைச்சுக்கிட்டே வருவான், 3:25-க்குள்ள 500 தொடலைன்னா அங்கயே ஆட்டத்தை முடிச்சு அனுப்பிடுவான்.